வினோதாவின் நேரலை

ஊருக்குப் போக உடப்புசல்லாவை பஸ்ஸில் ஏறும்போதே வினோதா மாஸ்க்கைப் போட்டுக்கொள்வாள். கொரோனாக் காலம் போய் வருசங்கள் ஆகியும் அவள் பையில் எப்போதும் ஒரு மாஸ்க் இருக்கும். முகம் தெரிந்துவிட்டால் போதும். முன் சீட்டில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரின் தோளை இடிப்பார், அவள் வாயைத் திறக்கும் முன்பே பஸ் முழுக்கச் சிரிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சிரிப்பில்தான் அவள் சோறு தின்றாள். ஆரம்பத்தில் அது அவளுக்கு இனித்தது.

தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அக்கா நாகலெட்சுமிதான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அவளை ஆளாக்கினாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் வினோதா கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கத்தில் மற்றப் பெண்களுக்கு நடித்துக் காட்டுவாள். தோட்டத்துப் பெண் ஒருத்தி முதல்முறையாகக் கொழும்புக்கு வருகிறாள். சேலை கட்டி நிற்கும் பொம்மைமீது மோதிவிடுகிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். பொம்மை பேசவில்லை. கோபமாக்கும் என்று நினைத்து நலம் விசாரிக்கிறாள், தன் கஷ்டத்தையெல்லாம் சொல்கிறாள், கடைசியில் தானே அழுதுகொண்டு, தன் தலைத்துணியை எடுத்துப் பொம்மையின் முகத்தையும் துடைத்துவிடுகிறாள். பெண்கள் தரையில் உருண்டு சிரிப்பார்கள். வினோதாவின் முகத்தில் மட்டும் சிரிப்பின் நிழல்கூட இருக்காது. பொம்மையை அவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருத்தி அதை போனில் எடுத்துப் போட்டாள். ஹட்டன் பஜாரில் நகைக்கடை வைத்திருந்தவரின் மகன் சிவகரன் அதைப் பார்த்தான். கொழும்பில் நகைச்சுவை சேனல் நடத்திக்கொண்டிருந்தவன். அந்தத் தோட்டத்துப் பெண்ணுக்குச் செம்பாயி என்று பேர் வைத்தான். செம்பாயி லிஃப்டில் ஏறினாள், விமான நிலையத்துக்குப் போனாள், பல் வைத்தியரைக் கடித்தாள். கனடாவிலும் துபாயிலும் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். பிறகு டி.வி., கலியாண மேடைகள், கோயில் திருவிழாக்கள். நுவரெலியாவில் அவள் மேடையேறிய அன்று மழையில் நனைந்தபடி சனம் நின்றது.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது டி.வி.யில் செம்பாயி வந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கூடிவிட்டார்கள். நாகலெட்சுமியின் மகள் தனுஜா கைதட்டிக் குதித்தாள். எல்லாரும் போனபின் நாகலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"செம்பாயி யாருடி வினோ? நாந்தானே?"

வினோதா கிடந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"பொறங்கையால மூக்கத் தொடைக்கிறது, சேலைய இழுத்துச் சொருகுறது, 'என்னாங்க சாமி'ன்னு கேக்குறது, எல்லாம் நாந்தான். மலையில எல்லாரும் இப்ப என்னைய செம்பாயின்னுதான் கூப்புடுறாங்க."

"கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல. நான் அவ்ளோ கேணச்சியாவா ஒனக்குத் தெரியுறேன்?"

இல்லையென்று சொல்லத்தான் வினோதா வாயெடுத்தாள். அதற்குள் அக்கா எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள்.

கொழும்புக்குத் திரும்பியதும் சிவகரனிடம் கேட்டாள். "சிரிப்பு வேணாம் அண்ணே. ஒரே ஒரு தடவ, நெசமா நடிக்க விடுங்க." அவனும் ஒத்துக்கொண்டான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. படம் பிடித்த சுதாகரன் சிரிப்பை அடக்க முடியாமல் கமராவை இரண்டு முறை ஆட்டிவிட்டான். போட்ட அன்றே கீழே எழுதினார்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறதென்று.

"இது ஒனக்குக் கடவுள் குடுத்த முகம்" என்றான் சிவகரன். "நீ அழுதா இன்னும் நல்லாச் சிரிக்கிறாங்க, கவனிச்சியா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு காணொளியிலும் செம்பாயி ஒருமுறையாவது ஓவென்று அழுதாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. அக்காவுக்குக் காய்ச்சலென்று கேட்டு வினோதா ஊருக்கு வந்திருந்தாள். விடிந்ததும், மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, எல்லாரும் எதிர்மேட்டுக் கோயிலுக்கு ஏறுங்கள் என்று தோட்டத்துத் தலைவர் வந்து சொன்னார். மூவரும் ஏறினார்கள். பாதி வழியில் நாகலெட்சுமி நின்றாள்.

"புள்ளயோட புத்தகப் பை. நனஞ்சிரும். எடுத்துட்டு வந்துடுறேன்."

"விடுக்கா, வேற வாங்கிக்கலாம்."

"பரீட்சை வருதுடி. நீங்க போங்க."

அவள் லயத்துக்குள் போன சற்று நேரத்தில் மலை இறங்கியது. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே வழுக்கி வந்தன. கடைசி நான்கு காம்பராக்களும் இருந்த இடத்தில் சேறு மட்டும் நின்றது.

ஆண்கள் மம்பட்டியோடு ஓடினார்கள். கூரைத் தகரத்தின் அடியிலிருந்து நாகலெட்சுமியின் குரல் கேட்டது. "தனுஜா எங்க? தனுஜா எங்க?"

"மேல இருக்கா அக்கா! நல்லாருக்கா!" என்று வினோதா கத்தினாள்.

தகரத்துக்கு மேலே ஒரு பெரிய பாறை கிடந்தது. மம்பட்டியால் ஆகிற காரியமில்லை. யாருக்கு எடுத்தாலும் லைன் கிடைக்கவில்லை. "ஒங்களுக்குத்தான் லட்சக்கணக்குல ஆளுங்க இருக்காங்களே, லைவ் போங்க" என்றாள் பக்கத்துக் காம்பரா மீனம்மா. கோயில் படியில் கொஞ்சம் சிக்னல் இருந்தது. வினோதா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"வினோதா பேசுறேங்க. மண்ணு சரிஞ்சிருச்சு. எங்க அக்கா அடியில இருக்காங்க. உசுரோட இருக்காங்க, சத்தம் கேக்குது. பக்கத்துல மண்ணு அள்ளுற பெக்கோ மிசின் வச்சிருக்கவங்க யாராச்சும் வாங்க. கந்தப்பளப் பக்கமிருந்து வரலாம், ரோடு தெறந்துதான் இருக்கு. கும்புடுறேன் சாமி, வாங்க."

திரையில் சிரிக்கும் முகங்கள் ஏறத் தொடங்கின. ஒன்றன்மேல் ஒன்றாக, நுரை மாதிரி. 'செம்பாயி இஸ் பேக்.' 'சேறு ஒரிஜினல் மாதிரியே இருக்கு.' 'அந்த மூக்கத் தொடைக்கிறதுக்கே ஒரு லைக்.'

"நடிக்கலங்க! சத்தியமா நடிக்கல! பாருங்க, பாருங்க!" அவள் கமராவைச் சேற்றுப் பக்கம் திருப்பினாள். மழையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. அவள் அழுதாள். சிரிக்கும் முகங்கள் இன்னும் வேகமாக ஏறின. சிவகரனின் அலுவலகத்தில் யாரோ அதை எடுத்து, 'நம்ம செம்பாயியின் அடுத்த அட்டகாசம்' என்று பகிர்ந்தார்கள். பிறகு சிக்னல் போய்விட்டது.

நாகலெட்சுமியின் குரல் பகல்வரை கேட்டது. கடைசியில் வார்த்தை இல்லை, தகரத்தைத் தட்டும் ஓசை மட்டும். பிறகு அதுவும் நின்றது. அடுத்த நாள் இராணுவத்தினர் வந்து பாறையை நகர்த்தி, அவளை வெளியே எடுத்தார்கள். பை தோளில் மாட்டியபடியே இருந்தது.

அடக்கம் முடிந்து சனம் கலையும்போது ஒரு வாலிபன் தயங்கித் தயங்கி வந்தான். கந்தப்பளையில் பெக்கோ ஓட்டும் கிஷாந்த் என்றான்.

"அக்கா, அன்னைக்கு எங்க மிசின் சந்தியிலதான் நின்னுச்சு. மழைன்னு வேல இல்ல. லைவ் பாத்தேன்." அவன் உதடு கோணியது. "சிரிச்சேங்க்கா. கூட்டாளிங்களுக்கும் அனுப்புனேன். கூப்புட்ட தூரம்தான். வந்திருக்கலாம்."

அவனை அடிக்க வேண்டுமென்று வினோதாவுக்குத் தோன்றவில்லை. கத்தவும் தோன்றவில்லை. அவனுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

"போப்பா" என்றாள். "நீ என்னா செய்வ."

அந்த வாரமே சிவகரன் கூப்பிட்டான். முதலில் அழுதான், உண்மையாகவே அழுதான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப எல்லாரும் ஒன்ன நம்புறாங்க வினோ. நீ ஆசப்பட்ட மாதிரியே ஒரு சோகமான கதை எடுக்கலாம்" என்றான். அவள் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். சில மாதங்களில் வேறொரு பெண் செம்பாயியாக நடிக்கத் தொடங்கினாள். நன்றாகத்தான் நடித்தாள் என்று சொன்னார்கள்.

இடம்பெயர்ந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். தனுஜா யாரோடும் பேசுவதில்லை. ஒருநாள் பகல், வகுப்பறையில் ஒருவரும் இல்லாத நேரத்தில் அவளாகவே அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, அம்மா மாதிரி பேசுங்க. ஒங்களுக்குத்தான் வருமே."

"என்னா பேச?"

"சும்மா. சாப்புடச் சொல்லிக் கூப்புடுங்க."

வினோதா கண்ணை மூடினாள். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு, "தனுஜா, சோறு ஆறுது, வா சாமி" என்றாள். வந்தது செம்பாயியின் குரல். இழுப்பு கூடிப்போயிருந்தது. மறுபடி முயன்றாள், மெதுவாக, மூக்கால் பேசாமல். மறுபடியும் செம்பாயிதான். இத்தனை வருடம் கூட்டியும் பெருக்கியும் பேசியதில் அக்காவின் சொந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடத் தேட, அரங்கம் சிரிக்கும் ஓசைதான் காதுக்குள் வந்தது.

"அப்புடி இல்ல" என்றாள் தனுஜா. "அம்மா அப்புடிப் பேச மாட்டாங்க." அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பட்டிப்பொலயிலிருந்து தனுஜாவின் அத்தை, இறந்துபோன தகப்பனின் தங்கை, அவளை அழைத்துப்போக வேனில் வந்தாள். நல்ல மனுஷி. துணிமணியெல்லாம் கட்டி ஏற்றிவிட்டு, வினோதாவைத் தனியே அழைத்துச் சென்று பேசினாள்.

"தப்பா நெனச்சிக்காத புள்ள. கொஞ்ச நாளைக்கு நீ அங்க வராம இரு. ஒன்னையப் பாத்தா அதுக்கு எல்லாம் நெனப்பு வருது."

வினோதா தலையாட்டினாள். வேன் வளைவில் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு வகுப்பறைக்குள் வந்து, தனுஜா படுத்திருந்த பாயைச் சுருட்டப் போனவள், சுருட்டாமல் அதிலேயே படுத்துக்கொண்டாள். வெளியே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ சோற்றுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.