பஜ்ஜி மடித்த காகிதம்

அரபு எழுத்துள்ள காகிதம் கிழிந்தாலும் கடையநல்லூரில் யாரும் குப்பையில் போடமாட்டார்கள். பள்ளிவாசல் சாக்கில் சேர்த்துவைத்து ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். கெய்ரோ யூதர்களும் அப்படித்தான் கடவுள் பெயருள்ள ஏட்டை எறியாமல் காத்தார்கள் என்று நூல் எழுதிக்கொண்டிருந்தார் ஒரு சென்னைப் பேராசிரியர். அறுபத்தொன்றாம் வருஷத்துக் குற்றாலச் சீசனில் அவருடைய ஆராய்ச்சிக்காக அந்தச் சாக்கைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவர் அரபு ஆசிரியர் பரீது.

மறுநாள் ஐந்தருவியில் பேராசிரியர் பஜ்ஜி வாங்கித் தந்தார். எண்ணெய் ஊறிய காகிதத்தில் அரபியில் ‘பிஸ்மில்லா’ தெரிந்தது. ஒரு கடி கடித்திருந்த பரீது அதை விரித்துப் பார்த்தார்.

“ஏலே, இந்தக் காயிதம் ஏது?” என்று கடைக்காரன் இசக்கிப்பாண்டியைக் கேட்டார்.

“இந்த ஐயாதான் ஒரு சாக்கு குடுத்தாவ, அண்ணாச்சி.”

பேராசிரியர் இன்னொரு தாளில் விரலைத் துடைத்தார். “பழைய ஏடுகளை எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நேற்று எழுதினது, ஆராய்ச்சிக்கு உதவாது.”

பரீது வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, கடையில் மிஞ்சிய தாள்களை வாரிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வருஷம் அந்த நூல் தபாலில் வந்தது: ‘எழுத்தை வணங்கிய மக்கள்’. முன்னுரையில் பரீதுக்கு நன்றி வேறு. அதே பஜ்ஜிக் கடையில் எடைக்குப் போடத்தான் கை துடித்தது. ஆனால் பாவி, பக்கத்துக்குப் பக்கம் அரபியில் அல்லாஹ்வின் பெயரை அச்சடித்திருந்தான். பரீது பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பள்ளிவாசல் சாக்கில் போட்டார்.