இருமல் குடியிருந்த சைலன்சர்

2005ஆம் ஆண்டு ஆடி மாதம், முத்துப்பேச்சியின் நெஞ்சில் பல வருடங்களாகக் குடியிருந்த இருமல் அவளை விட்டு நீங்கி, நல்லூர் சசிகுமாரின் காருக்குக் குடிபோனது. அந்த மாதம் நூல் விலையும் ஏறியதால் ஊர் நூல் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது. முத்துப்பேச்சி கமுதிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணிக்கு இங்கே வேஸ்ட் என்று பெயர். குடோனில் உட்கார்ந்து அதில் வெள்ளையைத் தனியாக, கலரைத் தனியாகப் பிரிப்பது அவள் வேலை. பிரிக்கப் பிரிக்கப் பஞ்சு பறக்கும். பறந்த பஞ்சு வேறெங்கே போகும், பிரிக்கிறவள் நெஞ்சுக்குத்தான் போகும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போகச் சொன்னார். திருப்பூரில் பஞ்சு பறக்காத வேலை எது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல், பிறகு ஒரு செருமல்; சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். புருஷன் சோணைமுத்து அவள் முதுகைத் தடவித் தடவியே தூக்கம் கெட்டுப் பாதி ஆளாகியிருந்தார்.

சோணைமுத்து வெல்டர். சாயப்பட்டறைகளுக்கு நீராவிக் குழாயும் புகைபோக்கியும் செய்து கொடுத்தவர். கார் சைலன்சரை அதுவரை கையால் தொட்டதில்லை. சசிகுமார் சொந்தமாக நிட்டிங் கம்பெனி நடத்தியவன். மெஷின் இரைச்சலில் காது மந்தமாகி, தன் சின்னக் காரின் சத்தம் தனக்கே கேட்கவில்லை என்பது அவன் குறை. “ஏனுங்கண்ணா, என்ற வண்டி வர்றது எனக்கே தெரியறதில்லீங்க. நல்லா கனமா, பேஸா சத்தம் வர்ற மாதிரி ஒரு சைலன்சர் போட்டுக் குடுங்க. ரோட்டுல நாலு பேரு திரும்பிப் பாக்கோணுமுங்க” என்றான். முடியாது என்று சொல்கிற பழக்கம் பிழைக்க வந்தவர்களுக்குக் கிடையாது. சோணைமுத்து காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அளவெடுத்தார். கட்டிங் மாஸ்டர் டீ-சர்ட்டுக்கு அட்டை வெட்டுவது போல, எஞ்சினிலிருந்து வரும் முன்பாகத்துக்கு ஒன்று, அச்சுக்கு மேலே வளைகிற இடத்துக்கு ஒன்று, பின்னால் தொங்கும் டப்பாவுக்கு ஒன்று என்று அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தார். ஷெட் தரையில் சாக்பீஸால் முழு நீளத்துக்கும் வரைந்தார். பழைய சாய மெஷினிலிருந்து கழற்றிய ஸ்டீல் குழாயை வளைத்து, டப்பாவுக்குள் போகிற குழாயில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டார். எல்லாம் சரி, அந்தக் குழாயைச் சுற்றித் திணிக்கச் சூடு தாங்குகிற கண்ணாடி நார் வேண்டும்; அன்றைக்கு அது கிடைக்கவில்லை. இந்த ஊரில் கை துடைக்க வேஸ்ட், தலையணைக்குள் வேஸ்ட், குழாய் ஒழுகினால் அடைக்க வேஸ்ட். ஆகவே சைலன்சருக்கும் வேஸ்ட்டே போதும் என்று அவர் நினைத்தார். நெருப்புப் புகை போகிற குழாயைச் சுற்றிப் பஞ்சை வைக்கிற புத்தி வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வராது. மத்தியானச் சோறு கொண்டுவந்த முத்துப்பேச்சிதான் இருமிக்கொண்டே அதை விரலால் இறுக்கி இறுக்கித் திணித்தாள். அவர் மூடியை வைத்து வெல்டிங்கால் பற்றவைத்துக் காரில் பூட்டினார்.

சசிகுமார் சாவியைத் திருப்பினான். கார் இருமியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, ஒரு செருமல். முத்துப்பேச்சி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. “சளி புடிச்ச மாதிரி இருக்குதுங்களேண்ணா” என்று சசிகுமார் முகம் சுளித்தான். “ஓட ஓடச் சரியாப் போகும் தம்பி” என்று சோணைமுத்து வாய் கூசாமல் சொன்னார். ஒரே நாளில் எரிந்து போயிருக்க வேண்டிய வேஸ்ட் எரியவே இல்லை. டீக்கடைக்காரர் அந்தக் கார் வந்து நின்றால் ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்து வெளியே வைப்பார். டவுன் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்ததால் சசிகுமாருக்கும் குறை தீர்ந்துவிட்டது. முத்துப்பேச்சிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவள், மூச்சு போதாமல் அத்தனை வருடம் வாயை மூடி நின்ற இடத்தில் நின்று, கோயில் வாசல் அதிரக் குலவை போட்டாள். சோணைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு குலவைக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த வருடமே சசிகுமாரின் மகள் அக்ஷரா இரும ஆரம்பித்தாள். நாலு வயது, எப்போதும் பின்சீட்டில் ஏறி வருகிற குழந்தை. நல்ல காற்றுக்கென்று அவளைக் குண்டடத்தில் இருந்த தங்கள் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதே காரில்தான் கூட்டிப் போனார்கள். குழந்தை ஷெட்டில் நின்று அதே கணக்கில் இருமியபோது சோணைமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. பதிலாகப் புதிதுபுதிதாகத் திட்டம் போட்டார். குழாயை நீளமாக்கினார். குழாயின் வாயை வலப்பக்கம் திருப்பினார். புகைபோக்கி மாதிரி காரின் கூரைக்கு மேலே கொண்டுபோனார். ஷெட் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடாகிப் போனது. எந்தத் திட்டத்திலும் அந்த டப்பாவை மட்டும் அவர் தொடவில்லை. “அந்தப் பழைய டப்பாவையே ஏனுங்கண்ணா வெச்சிருக்கறீங்க?” என்று சசிகுமார் கேட்டதற்கு, “அதுதான் தம்பி சத்தத்துக்கு உசுரு” என்றார். குழந்தை இளைத்துக்கொண்டே போனது. சோணைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் மனைவி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்த முத்துப்பேச்சி, பின்சீட்டில் இருமுகிற குழந்தையைப் பார்த்தாள். போய் முதுகைத் தடவினாள். எந்த இடத்தில் தடவினால் அடங்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. இடது தோள்பட்டைக்குக் கீழே கை பட்டதும் குழந்தை அடங்கித் தூங்கியது. கார் போனபிறகு அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். “இது யாரு இருமலுங்க?”

அவர் தரையில் கிடந்த சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தார்.

“பச்சப்புள்ள நெஞ்சுல ஏத்தி விட்டுட்டுத்தானா நான் இம்புட்டு நாளும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்? என்ன மனுசன் நீங்க.”

“நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா” என்று சொல்லி அவர் அழுதார். அவளும் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வண்டி வரும்ல, அறுத்து எடுங்க” என்றாள்.

மறுநாள் டப்பாவை அவரே அறுத்தார். இரண்டு தடவை கோடு விலகிப் போனது. உள்ளே வேஸ்ட் ஒரு நூல் கருகாமல் வெள்ளை வெளேரென்று, சூடாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி அதை மடியில் போட்டுக்கொண்டு குடோனில் பிரிப்பது போலவே ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, முகத்தருகே வைத்து மூச்சை இழுத்தாள். பொழுது சாய்வதற்குள் பிரித்து முடித்துவிட்டு இரண்டு குட்டை, ஒரு நெட்டை இருமிச் செருமினாள். சோணைமுத்து புது டப்பாவில் கண்ணாடி நார் வைத்துப் பூட்டினார். கார் அன்றிலிருந்து சசிகுமார் முதலில் கேட்ட பேஸ் சத்தத்தோடு ஓடியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்ஷரா தேறிப் பள்ளிக்கூடம் போனாள். திரும்பி வந்த இருமலுக்குக் காரின் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்ரோல் வாசம் அடித்தது, பனிக்காலக் காலைகளில் மூன்றாம் முயற்சியில்தான் கிளம்பியது. முத்துப்பேச்சி சந்தில் நடந்து வந்தால் வண்டி வருகிறதென்று ஜனங்கள் ஒதுங்கினார்கள்.

2008 தை மாதம் அவள் இறந்தாள். இருமல் சாகவில்லை, அவள் தலையணைக்குள் கிடந்து, சாமத்திலும் பகலிலும் தன்பாட்டுக்கு இருமியது. தலையணையைக் கொளுத்திவிடச் சொன்னார்கள். சோணைமுத்து கேட்கவில்லை. ஷெட் தரையைக் கழுவிவிட்டுக் கடைசியாக ஒரு சைலன்சர் வரைந்தார், தன்னுடைய மொபெட்டுக்கு. அட்டை வெட்டி, பழைய டப்பாவைச் சிறிதாக்கி, தலையணை வேஸ்ட்டைத் திணித்து மூடியைப் பற்றவைத்தார். வால்குழாயை மட்டும் பின்னால் விடாமல், வேறு எந்தக் குழந்தைக்கும் போய்விடக் கூடாதென்று முன்பக்கம் வளைத்து, ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

அந்த மொபெட்டில் பின்சீட்டில் அவர் யாரையும் ஏற்றுவதில்லை. வண்டி இருமும், பிறகு அவர் இருமுவார், அதே கணக்கில். போக்குவரத்துப் போலீஸ் ஒருமுறை நிறுத்தினார். குழாயைப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார், போகச் சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் இப்போது இரண்டு டம்ளர் வெந்நீர் வைக்கிறார். “சோணைமுத்தண்ணன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வேலைக்குப் போறாருங்க” என்று நல்லூரில் சொல்லிவிட்டு வழிவிடுகிறார்கள்.