நான்காவது எலியின் நுரையீரல்

எலிக்கு வாய்வழியாக மருந்து கொடுப்பதைச் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் எங்கள் விலங்கறைக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரு கையால் பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மழுங்கிய நுனி வைத்த ஊசிக்குழாயைத் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். ஒரு நூல் தவறினாலும் குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பத்தொன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதனால் ஆய்வகம் முழுக்க எனக்குத் 'தங்கக்கை' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு தலைக்கனம்.

மேல்மாடியில் ஒருத்தி மூன்று வருடமாக ஒரு மலைச்செடியின் இலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளை இலைக்காரி என்போம். அந்த இலைச்சாறு மூட்டு வீக்கத்தை வற்றவைக்கிறது என்று காட்டிவிட்டாள். விஷமில்லை என்று காட்டுவது மட்டும்தான் பாக்கி. ஐந்து எலிகளுக்கு மிக அதிகமான அளவில் ஒருமுறை கொடுத்துப் பதினான்கு நாள் பார்ப்போம். ஐந்தும் பிழைத்தால் ஆய்வு அடுத்த கட்டத்துக்குப் போகும். ஒன்று செத்தாலும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழு அவளுடைய கோப்பை மூடிவிடும். கோப்பு மூடினால் அவளுக்கும் வேலை இல்லை.

"அக்கா, நீங்களே குடுத்துடுங்க. வேற யாரையும் நம்ப எனக்குத் தைரியமில்ல" என்றாள்.

"அட போம்மா, உன் இலை செத்த எலியையே எழுப்பிவிட்டுடும்" என்று சிரித்தேன்.

மருந்து கொடுத்த அன்று ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வெளியாட்கள் நாலு பேர் வந்தார்கள். இயக்குநர் அவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்க கையப் பாருங்க" என்றார். போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று எலிகளை மளமளவென்று முடித்தேன். நான்காவதைப் பிடித்தபோது, "கண்ணக் கட்டி விட்டாலும் குடுப்பேன்" என்று அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

குழாய் இடறியது. இடறினால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது இதுதான். எடுத்தால் நாலு பேர் முன்னால் மானம் போகுமே என்று லேசாக அழுத்தினேன். எலி உடம்பை முறுக்கியது. மூக்கில் பச்சையாக ஒரு குமிழ் வந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டுக் கூண்டில் விட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் அது செத்துக் கிடந்தது.

அறுத்துப் பார்ப்பதும் என் வேலைதான். வயிற்றில் இலைச்சாறு ஒரு துளிகூட இல்லை. நுரையீரல் முழுக்கப் பச்சை. கை தவறிச் செத்த எலியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதற்குப் பதிலாக வேறொன்றுக்குக் கொடுத்துச் சோதனையைத் தொடரலாம். 'குழாய் தவறியது' என்று படிவத்தில் ஒரு வரி எழுதினால் போதும். நான் 'நுரையீரல்: இயல்பு' என்று எழுதினேன். எழுதும்போது கைகூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நுரையீரலை வழக்கம்போல ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, எண் ஒட்டி, அலமாரியில் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். தூக்கி எறிய மட்டும் மனம் வரவில்லை.

மற்ற நான்கு எலிகளும் பதினான்கு நாளும் தின்று கொழுத்துத் துள்ளிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் அவற்றை எடை போடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டேன். "தங்கக்கைக்கு என்ன ஆச்சு?" என்று கணவர் சும்மா கிண்டல் செய்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் ஒன்றும் புரியாமல் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

குழு கோப்பை மூடியது. இலைக்காரி என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என் இலையிலதான் ஏதோ இருக்குக்கா. மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அந்த வரைக்கும் நல்லது. உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். எனக்கு வாய் ஒரு கேடு!

அவளுடைய கடைசி நாளில் மேல்மாடிக்குப் போனேன். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல் பாட்டிலை வைத்தேன். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நிறம் மங்கியிருந்தாலும் பச்சை பச்சைதான். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எப்பப் பாத்தீங்க?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

"குழாய் இடறினது கையிலயே தெரிஞ்சுது. இலையில ஒரு குத்தமும் இல்ல. என்மேலதான். திட்டும்மா, வாய்க்கு வந்தபடி திட்டு."

அவள் பாட்டிலை மேசைமேல் திரும்ப வைத்தாள். அவள் மேசையிலேயே ஒரு தாளை இழுத்துக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். குழாய் தவறியது, தெரிந்தே மறைத்தேன் என்று எழுதி, பல வருடம் கழித்து என் சொந்தப் பெயரை முழுதாகப் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் இரண்டு முறை வாசித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

வாசல்வரை போனவள் நின்றாள்.

"வேற யார் குடுத்திருந்தாலும் அந்த நுரையீரல நானே ஒருதடவ பாத்திருப்பேன். குடுத்தது நீங்கன்னுதான் பாக்கல."

அக்கா என்று சொல்லாமலே போய்விட்டாள்.