கைக்கெட்டாத மணி

சிவப்புப் பொத்தான் வைத்த அழைப்பு மணியின் வயர், கட்டிலுக்குப் பின்னால் சுவர்க் கொக்கியில் மூன்று சுற்றுச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. டெல்ஃபின் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, உறைந்து கிடந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கும் கொக்கிக்கும் நடுவே எட்டடி இருக்கும். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுக்க விழுந்துபோன எண்பத்து நான்கு வயதுப் பெண்மணிக்கு அது எட்டு மைல்.

"இதை யாரு அங்க மாட்டினது?" என்று கேட்டார் ஆர்லன்.

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், எனக்கு ரெக்கை முளைச்சிருக்கக் கூடாதா?"

ஆர்லன் வயரை அவிழ்த்துக் கொண்டுவந்து பொத்தானை அவருடைய வலது கைப்பக்கம் வைத்தார். டெல்ஃபின் அதைத் தொடவில்லை. ஆர்லனின் சட்டையில் குத்தியிருந்த அட்டையையே பார்த்தார். குறைகேட்பாளர் என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பெயர் அந்த முதியோர் இல்லத்தில் யாருக்கும் வாயில் நுழைவதில்லை. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த வடக்கு மூலையில் முப்பத்தொரு வருஷம் கடிதம் கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். ஓய்வு பெற்ற பிறகு மாநில அலுவலகத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் செவ்வாய்தோறும் இங்கே வந்து, இருப்பவர்களின் குறையைக் கேட்டு, அவர்கள் பக்கம் நின்று பேசுவது அவருடைய வேலை.

"நீ யாருக்கு வேலை பாக்கிற? ராக்ஸேனுக்கா?" என்றார் டெல்ஃபின். ராக்ஸேன் இல்லத்தின் நிர்வாகி.

"இல்ல. உங்களுக்கு. நீங்க சரின்னு சொல்லாம நீங்க சொன்ன ஒரு வார்த்தையும் என் வாயிலேருந்து வெளிய வராது. நிர்வாகிகிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க பிள்ளைங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க." டெல்ஃபின் மறுபடி ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இருட்டுறதுக்குள்ள நீ வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவ. நான் இங்கதான் இருக்கணும். என்னைத் தூக்கிக் கட்டில்ல போடுறவங்க கையிலதான் இருக்கணும். புரியுதா?"

ஆர்லனுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் தொந்தரவாக இருந்தது. கூடத்தில் நடந்தபோது ராக்ஸேன் தன் அறையிலிருந்து கையசைத்து, "காபி சாப்பிடுறீங்களா? ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றாள். நல்ல பெண்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தக் கொக்கியை இன்றைக்கே பிடுங்கி எறிந்துவிடுவாள். பிறகு மாலை ஷிஃப்டில் யார் என்று விசாரிப்பாள், அந்த யாரோ டெல்ஃபினின் அறைக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார். "எல்லா அறையிலயும் மணி கைக்கெட்டுற மாதிரி இருக்கான்னு ஒரு நடை பாத்துடுங்க" என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் வெகுநேரம் இருந்தார். அவருடைய அப்பா கடைசி இரண்டு வருஷம் இப்படி ஒரு இல்லத்தில்தான் இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆர்லன் போய், "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பார். "எல்லாம் நல்லா இருக்கு" என்பார் அப்பா. அந்தப் பதிலைத் தான் எவ்வளவு சுலபமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம் என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டெல்ஃபின் தானாகவே பேச்சை எடுத்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கீழ் டிராயர்ல, கம்பளிக் காலுறைக்கு அடியில, ஒரு பாட்டில் பிராந்தி வெச்சிருக்கேன்" என்றார். இல்லத்தில் அனுமதியில்லாமல் மது வைத்துக்கொள்ளக் கூடாது. டெல்ஃபின் அவரை இமைக்காமல் பார்த்தார்.

ஆர்லன் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சாப்பிடுற மாத்திரையோட அது ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா, பேர் சொல்லாம நர்ஸ்கிட்ட கேட்டுட்டு வரேன். வேண்டாம்னா அது உங்க டிராயர், உங்க பாட்டில்."

"வேண்டாம்."

"சரி."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் மணி ஒரு தடவை கட்டில் கால்மாட்டில் கிடந்தது, ஒரு தடவை மறுபடி கொக்கியில் இருந்தது, ஒரு தடவை அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆர்லன் அதை எடுத்து டெல்ஃபினின் கையில் கொடுத்து, "இதைப் பத்தி நான் பேசலாமா?" என்று கேட்டார். இரண்டு தடவை தலையசைத்து மறுத்தார் டெல்ஃபின். மூன்றாவது தடவை, "கீழ் டிராயரைத் திற" என்றார்.

ஆர்லன் குனிந்து, டெல்ஃபினின் வலது கைக்கெட்டும் தூரத்திலிருந்த அந்த டிராயரைத் திறந்தார். சாம்பல் நிறக் காலுறைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் குறுக்காக ஒரு சிவப்பு நூல் கிடந்தது. பாட்டில் எதுவும் இல்லை.

"நூல் அப்படியே இருக்கா?"

"இருக்கு."

"மூணு வாரமா ஒருத்தரும் டிராயரை நோண்டல. நீ யார்கிட்டயாவது மூச்சு விட்டிருந்தா மறுநாளே அந்த நூல் தரையில கிடந்திருக்கும்." டெல்ஃபினின் ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது. "முப்பத்தெட்டு வருஷம் மதுக்கடை நடத்தினவ நான். குடிகாரங்க நூறு பேருல வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் தேறுவான். அவனைக் கண்டுபிடிக்க என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். உக்காரு."

ஆர்லன் உட்கார்ந்தார். மாலை ஷிஃப்டில் வரும் கோரா என்ற பெண்தான் மணியை எடுத்து மாட்டுகிறாள் என்றார் டெல்ஃபின். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. 'இப்ப வந்துடுறேன் செல்லம்' என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிட்டுப் போவாள். ஒரு நாள் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது. கூப்பிட வழியில்லை. கத்திப் பார்த்தார். பக்கத்து அறைத் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை மணி நேரம் நனைந்த துணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லும்போது அவர் ஆர்லனைப் பார்க்கவில்லை. "செல்லமாம். என் கடையில என்னைச் செல்லம்னு கூப்பிட்டவனைக் காலரைப் பிடிச்சுப் பனியில தள்ளியிருக்கேன்" என்றார்.

உடனே மாநிலத்துக்குப் புகார் எழுத வேண்டும், அந்தப் பெண்ணை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று ஆர்லனின் மனம் ஓடியது. ஓடிய மனதை இழுத்து நிறுத்தி, கேட்கவேண்டியதைக் கேட்டார். "மேலிடத்துக்கு எழுதலாம், அதுக்கும் வழி இருக்கு. நீங்க சொல்லுங்க. என்ன நடக்கணும்?"

"கோராவுக்கு வேலை போகக் கூடாது. அவ போனா வர்றவ எப்படியோ. என் மணி என் மடியில இருக்கணும். அதை நானே சொல்லணும். நீ பக்கத்துல உக்காந்திரு, போதும்."

ஆர்லனுக்கு அது போதாது என்றுதான் பட்டது. படட்டும் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் ராக்ஸேனின் அறையில் கோராவையும் சேர்த்து நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ராக்ஸேன் ஆர்லனைப் பார்த்து, "இவங்களுக்கு எத்தனை நாளா இந்தப் பிரச்சினை?" என்று கேட்டாள். ஆர்லன் பதில் சொல்லாமல் டெல்ஃபின் பக்கம் திரும்பினார். ராக்ஸேனுக்குக் காது சிவந்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, அதே கேள்வியை டெல்ஃபினிடம் கேட்டாள். டெல்ஃபின் எல்லாவற்றையும் சொன்னார். பாதி வாயால் சொன்னதால் நேரம் பிடித்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.

கோரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்து மூணு பேருக்கு நான் ஒருத்தி. இவங்க ஒரு மணி நேரத்துல பதினோரு தடவை மணியடிக்கிறாங்க. நான் என்ன பண்றது?"

"பதினோரு தடவை அடிச்சேன்னா, பத்து தடவை நீ வரலேன்னு அர்த்தம்" என்றார் டெல்ஃபின்.

பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, டெல்ஃபின் ராக்ஸேனிடம் திரும்பி, "இருபத்து மூணு பேருக்கு ஒருத்தின்னு சொல்றாளே, அது காதுல விழுந்துச்சா? என் கடையில வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வர்ற கூட்டத்துக்கே நாலு பேரை நிக்க வெச்சேன்" என்றார்.

மணியை நாற்காலிக் கையில் கிளிப் போட்டு மாட்டுவது என்றும், அதை டெல்ஃபினின் பராமரிப்புத் திட்ட ஏட்டில் எழுதுவது என்றும் முடிவானது. மாலை ஷிஃப்டுக்கு இரண்டாவது ஆள் போடும் விஷயம் மேலே பேசிப் பார்க்கிறேன் என்றாள் ராக்ஸேன். பேசிப் பார்க்கிறேன் என்பதற்கு எவ்வளவு எடை என்று ஆர்லனுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிக்கொள்ளச் சொன்னார். கோரா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டும்போது, "கையை உள்ள வெச்சுக்குங்க, டெல்ஃபின்" என்று அவள் சொன்னது கேட்டது. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அது மரியாதையா கோபமா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஆர்லன் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. பதினாறாம் எண் அறையில் ஹால்வர் என்றொருவர் இருந்தார். பழைய மரம் அறுக்கும் தொழிலாளி. இரண்டு வருஷத்தில் ஆர்லனிடம் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. இன்றைக்கு அவர் தன் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையில் நின்றிருந்தார். ஆர்லன் பக்கத்தில் வந்ததும் கூடத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நடைவண்டியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, ஒரு ஆள் உள்ளே நுழையுமளவுக்கு வழிவிட்டார்.