எல்டனின் கடைசிக் கொள்முதல்

செத்த கன்றின் பின்னங்கால்களில் சங்கிலியைச் சுற்றி டிராக்டரின் கொக்கியில் மாட்டிய ஜனெல், வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முன்னறை ஜன்னலில் திரை மூடியே இருந்தது. அப்பா விழிப்பதற்குள் இதை மரவரிசைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு கிடந்தன. லாரி முன்பே எடுத்துப்போனவற்றையும் இதையும் சேர்த்து மொத்தம் பதினேழு.

அப்பாவிடம் அவள் சொல்லியிருந்த கணக்கு இரண்டு.

முப்பத்தெட்டு வருடங்களாக அவள் அப்பா எல்டன் நெப்ராஸ்காவின் இந்த மேட்டு நிலத்தில் செய்துவந்தது ஒரே தொழில்தான். இலையுதிர் காலத்தில் தாயை விட்டுப் பிரித்த கன்றுகளைச் சந்தையில் வாங்குவார். குளிர்காலம் முழுக்க வைக்கோலும், சைலேஜ் என்கிற புளிக்கவைத்த பசுந்தீவனமும் போட்டு வளர்த்து, வசந்தத்தில் மாடுகளைக் கொழுக்கவைத்து இறைச்சிக்கு அனுப்பும் பெரிய பட்டிக்காரர்களுக்கு விற்பார். இந்த முறை சந்தைக்கே போகவில்லை. கணையத்தில் வந்த புற்று அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது. படுத்தபடியே போனில் ஏலம் கேட்டு நூற்றி நாற்பது கன்றுகளை வாங்கிவிட்டார்.

"இருபது பண்ணையில பொறுக்கின கன்னுங்கப்பா. தடுப்பூசி போட்டிருக்கா இல்லையான்னே யாருக்கும் தெரியாது" என்று அன்றைக்கே அவள் கத்தினாள்.

"அதனாலதான் விலை கம்மி" என்றார் அவர். "பேங்குக் கடன் தீர்ந்துடும். நிலம் முழுசா உன் பேருக்கு வந்துடும். நாலு மாசம்தானே."

அவருக்கு நாலு மாதம் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

கன்றுகள் வந்த நாலாம் நாள் மழை பெய்தது, மறுநாள் வெயில் காய்ந்தது, அதற்கு மறுநாள் தண்ணீர்த் தொட்டி உறைந்தது. லாரியில் நெருக்கியடித்து வந்த கன்றுகளின் நுரையீரலைப் பிடிக்கும் லாரிக் காய்ச்சல் பட்டி முழுக்கப் பரவியது. காது தொங்கியதையும் மூக்கு ஒழுகியதையும் பிரித்து, இரும்புக் கூண்டில் அடைத்து ஊசி போட்டாள். ஒரு கன்றுக்கு மூன்று தரம்கூடப் போட்டாள். சில பிழைத்தன. சில மருந்தையும் வாங்கிக்கொண்டு செத்தன.

வீட்டுக்குள் வந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பண்ணை ஆர்லன் வந்து கதவைத் தட்டினார். அப்பாவின் நாற்பது வருடத்துச் சிநேகிதர். ஜனெல் அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட ரெண்டுதான் செத்துச்சுன்னு சொல்லியிருக்கேன்."

ஆர்லன் மரவரிசையைப் பார்த்தார். "எல்டன்கிட்ட பொய் சொல்ற தைரியம் எனக்குக் கிடையாதும்மா."

"அப்ப கன்னு பேச்சையே எடுக்காதீங்க. பேஸ்பால் பத்திப் பேசுங்க."

"நவம்பர்ல என்ன பேஸ்பால்? சீசன்தான் முடிஞ்சுபோச்சே."

"ஏதாவது பேசுங்க ஆர்லன். நேத்து வந்த நர்ஸ், ஒரு நாளோ ரெண்டு நாளோன்னு சொல்லிட்டாங்க. மத்தியானம் பனிமழை வருதாம். பட்டியில ரெண்டு கன்னு தலையைத் தொங்கப் போட்டு நிக்குது. இப்ப ஊசி போடலைன்னா அதுவும் போயிடும். அரை மணி நேரம் பக்கத்துல இருங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

முதல் கன்றுக்கு நூற்றைந்து டிகிரி காய்ச்சல். இரண்டாவதைக் கூண்டுக்குள் தள்ளி, கழுத்துப் பிடியை இறக்கும் நேரத்தில் பின்பாதையில் லாரி உறுமும் சத்தம் கேட்டது. செத்த மாடுகளை எடுத்துப்போகும் லாரி. சாயங்காலம் வா, வரும் முன் போன் பண்ணு என்று அந்த டிரைவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கூண்டுக்குள் கன்று முட்டிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு ஓட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைக் குத்தினாள். மரங்களுக்குப் பின்னால் லாரியின் இழுவைச் சங்கிலி கிறீச்சிட்டு ஓய்ந்தது. இரண்டாம் முறை கிறீச்சிட்டது. மூன்றாம் முறையும்.

அவள் வீட்டுக்குள் ஓடினபோது அப்பா விழித்திருந்தார். தலையணையில் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. ஆர்லன் நாற்காலியின் நுனிக்கு வந்து, மடியில் வைத்திருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாக்குக்கடியில் மார்ஃபின் சொட்டு விட்டுவிட்டு அப்பாவின் உதட்டைத் துடைத்தாள்.

"தீவனக்காரனுக்குச் சொல்லிட்டியா?" என்றார் எல்டன்.

"இன்னும் இல்லப்பா. சொல்லணும்."

"எத்தனைக்குச் சொல்லப்போற?"

"நூத்தி முப்பத்தெட்டுக்கு."

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நூத்தி இருபத்தி மூணுக்குச் சொல்லு. செத்ததுக்கு எதுக்குத் தீனி?"

ஜனெல் சட்டென்று ஆர்லனைப் பார்த்தாள். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"அவனை முறைக்காத. அவன் வந்ததுலேர்ந்து அவன் முட்டிவலியைப் பத்தித்தான் பேசிட்டிருக்கான். லாரி பின்பக்கமா வந்தா சங்கிலி சத்தம் போடாதா? ஒவ்வொரு இழுப்பையும் எண்ணிட்டுத்தான் கிடக்கேன். எனக்கு வேற என்ன வேலை?"

"தெரிஞ்சும் ஏம்ப்பா தினம் தினம் கேட்டீங்க?"

"ரெண்டுன்னு நீ சொல்றது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள்.

"வாங்க வேணாம்னு நீ அப்பவே சொன்ன" என்றார் அவர். அதற்கு மேல் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வசந்தம் வரைக்கும் பிடிச்சு வச்சிட்டிருக்காத. இருமல் நின்னு ஒரு மாசம் ஆனதும் தள்ளிவிட்டுடு. விலை ஏறும்னு எவன் சொன்னாலும் நம்பாத. நான் சொல்லியிருந்தாலும் நம்பாத."

"பாக்கலாம்ப்பா."

அதன்பிறகு அவர் பேசவில்லை. பனிமழை ஜன்னலில் மணலாகச் சிதறத் தொடங்கியது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவிலான இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு போனது, அடுத்தது வரவில்லை. ஜனெல் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தாள். பிறகு இன்னொரு நிமிடம்.

ஆர்லன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நர்ஸ் வந்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஈமச்சடங்கு நிலையத்துக்கும் போன் செய்துவிட்டுப் போனாள். அப்பாவைக் கொண்டுபோக ஊரிலிருந்து அவர்கள் வண்டி வர முக்கால் மணி ஆகுமாம். ஜனெல் அப்பாவின் கையைப் போர்வைக்குள் வைத்தாள். பட்டியிலிருந்து கன்றுகள் கத்தத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எல்லாமே. மணி நாலு.

"தீனி போட்டுட்டு வா" என்றார் ஆர்லன். "நான் இவன்கூட இருக்கேன்."

தீவன வண்டியைப் பூட்டி, சாலையோரக் குழியிலிருந்து சைலேஜை ஏற்றிக்கொண்டு டிராக்டரைப் பட்டியை ஒட்டி வீட்டுக்குப் போகும் பாதையில் இறக்கினாள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதை. இரண்டு பக்கமும் கம்பி வேலி. பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் ஈமச்சடங்கு நிலையத்தின் கறுப்பு வண்டி வந்துகொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தாள். ஒதுங்க இடமில்லை. நிற்கலாமா என்று யோசித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கன்றுகள் டிராக்டர் சத்தத்தைக் கேட்டு ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு கூடவே ஓடிவந்தன. காலையில் ஊசி போட்ட இரண்டில் ஒன்று கடைசியில் தள்ளாடி வந்தது.

அவள் வேகத்தைக் கூட்டவில்லை. வேலியோரத் தீவனத் தொட்டியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தீவனம் சீராக விழுந்தது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடிக்கவில்லை. முன்விளக்கைத் தணித்துக்கொண்டு, பத்தடி விட்டு, அவள் போகிற வேகத்திலேயே மெல்ல ஊர்ந்து வந்தது.