வழியில் நிற்காத வண்டி

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. என்னை எழுதச் சொன்னது வேறு. கார் விற்பனை நிலையம் ஒன்றின் ஆண்டு விழா மலருக்கு, அவர்கள் விற்கும் ஜப்பானிய நிறுவனத்தின் வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதித் தர வேண்டும். கூலிக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. சோப்பு, காப்பீடு, சமையலறை அலமாரி என்று கண்டதையும் பற்றி எழுதியிருக்கிறேன். எதுவும் வீடு வரை கூடவே வந்ததில்லை.

விற்பனை மேலாளர் தங்கமான மனிதர். "வெறும் வரலாறு மட்டும் போட்டா வறட்சியா இருக்கும் மேடம். கடைசியில ஒரு குடும்பத்தோட கதை வேணும். உங்க சொந்தத்துல யார்கிட்டயாவது நம்ம வண்டி இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா வீட்டுல இருக்கு."

"ஏதாவது தொந்தரவு குடுத்திருக்கா?"

"இல்ல. ஒரு நாளும் வழியில நின்னதே இல்ல."

"அப்புறம் என்ன! அதையே எழுதுங்க."

மலர் அச்சாகி வந்துவிட்டது. அதில் இருப்பது வேறொரு குடும்பம். எல்லோரும் மலையடிவாரத்தில் வண்டிமேல் சாய்ந்து சிரிக்கிறார்கள். அங்கே போட முடியாதது இது.

2

மலருக்காக நான் எழுதிய முதல் தொடக்கம்:

"ஜப்பானில் ஒரு தச்சரின் மகன் தறி ஒன்றைச் செய்தார். நூல் ஒன்று அறுந்தாலும் தானாகவே நின்றுவிடும் தறி. கார் நிறுவனத்தின் கதை அந்தத் தறியிலிருந்துதான் தொடங்குகிறது..."

இதில் பொய் ஒன்றும் இல்லை. தறிக்காரரின் மகன் கார் செய்யப் புறப்பட்டார். ஆரம்பத்தில் செய்த லாரிகள் கண்ட இடத்திலெல்லாம் நின்றன. பிறகு கடல் கடந்து அனுப்பிய கார் அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் மூச்சு வாங்கியது. அவமானம்தான். அவர்கள் விடவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் யார் கண்ணில் குறை பட்டாலும் ஒரு கயிற்றை இழுக்கலாம். சரி செய்யாவிட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும் என்று ஏற்பாடு செய்தார்கள். அங்கே நிறுத்தி நிறுத்திச் செய்ததால், வெளியே வந்த வண்டி நிற்காமல் ஓடியது. பேர் அப்படித்தான் வந்தது.*

(* நிறுவனத்துக்குப் பெயர் வைத்தபோது குடும்பப் பெயரில் ஓர் ஒலியை மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் எட்டே கோடுகளில் முடியும்; எட்டு அவர்களுக்கு ராசியான எண். மேலாளருக்கு இந்தக் குறிப்பு ரொம்பப் பிடித்திருந்தது. ராசியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.)

வரைவை அக்காவிடம் படிக்கக் கொடுத்தது என் அசட்டுத்தனம். தறி வரும் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஒரு நூல் அறுந்தா நின்னுடுமாமே," என்றாள். தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

3

இனி மாமாவை உள்ளே கொண்டுவர வேண்டும். மாமா என்றால் அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கனமான தோல் பையோடு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குகிற வேலை.

[மாமாவை நான் மிகவும் நல்லவராக எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. எனவே சொல்லிவிடுகிறேன்: சாப்பிடும்போது சத்தம் போடுவார். சொன்ன ஜோக்கையே சொல்லுவார். கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார்.]

அவரிடம் முன்பு ஒரு பழைய வண்டி இருந்தது. அதன் கம்பெனி பெயர் வேண்டாம், பாவம். அது நிற்காத தெரு ஊரில் இல்லை. நின்றால் மாமா இறங்கி, கை இரண்டையும் விரித்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். யாராவது தள்ள வருவார்கள். தள்ளியவர்களோடு அரட்டை. வீட்டுக்கு வரும்போது சட்டையில் எண்ணெய்க் கறையும் பையில் யாரோ ஒருவரின் போன் நம்பரும் இருக்கும். அக்கா மகன் வெளியூருக்குப் படிக்கப்போன கல்லூரியில் இடம் வாங்கித் தந்தவர்கூட இப்படித் தள்ள வந்த ஒருவர்தான்.

அக்காவுக்கு அது ஆகவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். ஒரு கண்ணாடியைப் போட்டு, அதைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு, எது தெளிவு என்று கேட்டு முடிவெடுத்துப் பழகியவள்.

"இந்த ஓட்டை வண்டியோட நீங்க நடுரோட்டுல நிக்கறதை இனிமே நான் பாக்க மாட்டேன். நிக்காத வண்டியா ஒண்ணு வாங்குங்க," என்றாள்.

"நிக்காத வண்டின்னா ஜப்பான்காரன் வண்டிதான்."

"அதையே வாங்குங்க."

வாங்கினார். வெள்ளை நிறம். அவருக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை என்பதை நான் கவனித்தேன். "நல்ல வண்டிதான். ஆனா பேச்சுத்துணைக்கு ஆகாது," என்றார் ஒருமுறை.

4

இந்தப் பகுதியைப் பலமுறை எழுதினேன். கடைசியில் இருப்பது இவ்வளவுதான்.

ஒரு பெரிய மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில், மாமா வண்டிக்குள்ளேயே இறந்துபோனார். காலையில். இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்திருந்தார். கண்ணாடிகளை ஏற்றியிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை. டாக்டர் அறையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

நிறுத்தத்தின் காவலாளி எங்கள் முன்னால் கைகட்டி நின்றார். "நான் பக்கத்துல போய்ப் பாத்தேம்மா. படுத்திருந்தார். மருந்துக் கம்பெனிக்காரங்க எல்லாரும் வண்டியில ஒரு தூக்கம் போடுவாங்க. எழுப்பினா திட்டுவாங்க. வண்டியிலயும் ஒரு சத்தம் இல்ல, புகை இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில கேட்டை மூடற நேரத்துலதான் தட்டிப் பாத்தேன்." பிறகு சாவியை நீட்டினார். "நான்தான் ஆஃப் பண்ணேன்."

டாக்டர் சொன்னது: "மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குள்ளயேதானே இருந்திருக்கார். உடனே யாராவது பாத்திருந்தா..."

[அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.]

5

துக்கம் கேட்க வந்தவர்கள் எதைப் பேசுவது என்று தெரியாமல் வண்டியைப் பேசினார்கள். தூரத்துச் சித்தப்பா ஒருவர் வாசலில் நின்ற அதன் மூடியைத் தட்டிக் கொடுத்தபடி, "காலையிலேர்ந்து நின்ன இடத்துலயே ஓடியிருக்கு, சூடே ஏறலையாமே! இது வண்டி!" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எதையாவது பாராட்டிவிட்டுப் போக வேண்டும் என்று வந்தவர்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"அந்தப் பழைய வண்டியா இருந்திருந்தா கொஞ்ச நேரத்துலயே பொசுபொசுன்னு புகை விட்டிருக்கும்," என்றாள். "புகை வந்தா யாராவது ஓடி வந்திருப்பாங்கல்ல?"

"அக்கா..."

"வந்திருப்பாங்களா, மாட்டாங்களா? நீயே சொல்லு."



காரியங்கள் முடிந்ததும் பழைய இரும்பு வாங்குபவரிடம் வண்டியைக் கொண்டுபோனாள். அவள் சொல்லி, நான் ஓட்டிப் போனேன். அவர் சாவியைத் திருகினார். ஒரே தொடுதலில் கிளம்பியது. காதைச் சாய்த்துக் கேட்டார், முகம் மலர்ந்துவிட்டது.

"இதைப் போய் உடைக்கச் சொல்றீங்களே, கை வருமாம்மா? நல்ல ஆளாப் பாத்து வித்துக் குடுக்கறேன்."

"விக்கறதுக்கு இல்ல. என் கண்ணு முன்னாடி உடைக்கணும்."

அவர் என்ஜினை அணைத்தார். "சரின்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டு, நீங்க போனதும் வித்துருவேன். உள்ளதைச் சொல்லிட்டேன். வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க."

6

இங்கேதான் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு பெண் செய்வாளா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு வரைவில் அக்காவைக் கோடாரியோடு வாசலுக்கு அனுப்பினேன். இன்னொன்றில் அழுது அழுது நோயில் விழவைத்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் செய்தது இதுதான்: கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

"யாரும் உடைக்க மாட்டாங்க. அதுவாச் சாகட்டும்," என்றாள்.

தினமும் கடை திறப்பதற்கு முன்னாலும் கடை மூடிய பிறகும் ஓட்டினாள். குண்டும் குழியுமான சாலையாகத் தேடிப்பிடித்து ஓட்டினாள். எண்ணெய் மாற்றவில்லை. முன்மூடியைத் திறந்ததே இல்லை. சர்வீஸ் நிலையத்திலிருந்து ஒரு பெண் குழைவான குரலில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள். அக்கா ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வைத்துவிடுவாள்.

நான் முடிந்தபோதெல்லாம் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு வர்றே?"

"சும்மாதான்."

"நான் எங்கயாவது கொண்டுபோய் மோதிடுவேன்னு பயமா?"

"ஆமா."

"பிரேக்கும் டயரும் மட்டும் பாத்துக்கறேன். ரோட்டுல போறவங்க என்ன பாவம் பண்ணாங்க? எனக்குச் சாகறதுக்கெல்லாம் நேரமில்ல. இதுதான் சாகணும்."

வண்டி சாகவில்லை. மழையில் ஓடியது, வெயிலில் ஓடியது. அக்கா மெலிந்துகொண்டே போனாள். கடையில் பரிசோதனைக்கு வந்தவருக்கு வலக்கண் நம்பரை இடக்கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வேலையில் அது நடக்கவே நடக்காது.

7

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

(அ) ஓட்ட ஓட்ட அக்காவுக்கு வண்டி பிடித்துப்போகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, வெகு நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள். விற்பனை மேலாளர் மறுபடி கேட்டிருந்தால் இதைத்தான் கொடுத்திருப்பேன். அக்காவிடம் காட்டினேன். "நான் எப்போ சிரிச்சேன்?" என்று கேட்டாள்.

(ஆ) ஒரு நாள் அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் வாசலில் காத்துக்கொண்டு

[இதை இதற்குமேல் எழுத முடியாது. அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

நடந்தது இரண்டுமில்லை.

8

நல்ல வெயில் நேரம். கடைத்தெருவுக்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தம் இருக்கும் பெரிய சாலை. நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சூடு காட்டும் முள் மேலே ஏறுவது கண்ணில் பட்டது. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் வற்றிப்போயிருந்தது, யாரும் ஊற்றவில்லையே.

"அக்கா, முள்ளு சிவப்புக்குப் போகுது."

"தெரியும்."

"நிறுத்துக்கா!"

"அதுவா நிக்கட்டும்."

சாலையோரத்துக்கு ஒதுக்கி, அப்படியே மெல்ல ஓட்டினாள். முன்மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. உள்ளே ஏதோ மடார் என்றது. வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. அவ்வளவுதான். அக்கா ஸ்டீயரிங்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். இன்னொருவர் கதவைத் திறந்து, "இறங்கும்மா, இறங்கும்மா, தீப்பிடிச்சுறப் போகுது!" என்று அக்காவின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். பழக்கடைக்காரர் தான் உட்காரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு பெண் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அக்காவின் வாயருகே வைத்தாள். ஒருவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இந்த வண்டியா நின்னுச்சு? இதெல்லாம் நிக்கவே நிக்காதே!"

அக்கா முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"பாத்தியா," என்றாள் என்னிடம். "வந்துட்டாங்க."

"வந்துட்டாங்கக்கா."

"எத்தனை பேரு பாரு. கூப்பிடவே இல்ல. வந்துட்டாங்க."

பிறகு அழுதாள். மாமாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது அழாத அழுகை. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சுற்றி நின்றவர்கள் பதறிப்போனார்கள். தண்ணீர் கொடுத்த பெண் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "விடுங்கம்மா. வண்டிதானே, ரிப்பேர் பண்ணிக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதாதா?" என்றாள்.

9

கைதேர்ந்தவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. கதை இன்னும் ஒரு பட்டறையில் நின்றுகொண்டிருக்கிறது.

அழுது தீர்த்ததும் அக்காவுக்குப் பாரம் இறங்கிவிடும் என்று நம்பினேன். இறங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "இத்தனை நாள் சந்தேகமாத்தான் இருந்துச்சு. புகை வந்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டாங்களோன்னும் ஒரு பக்கம் தோணும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

இப்போது அதுவும் இல்லை. கடைக்குப் போகிறாள், வருகிறாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டறைக்காரர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எனவே அவர் என்னைக் கூப்பிடுகிறார்.

"என்ஜினுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகலை மேடம். இவ்வளவு கொடுமை பண்ணியும் தாங்கியிருக்கு பாருங்க! ஒரு கேஸ்கெட், ஒரு ஹோஸ், எண்ணெய். மாத்திட்டா பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் ஓடும். பண்ணிடட்டுமா?"

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"பிரிச்சுப் போடறதா இருந்தாலும் சொல்லுங்க. மனசு வராதுதான். ஆனா நீங்க சொன்னா பிரிச்சுடறேன்."

ஆக, வண்டியை உடைக்கச் சம்மதிக்கும் ஓர் ஆளும் கிடைத்துவிட்டார். சரி செய்வதா, பிரிப்பதா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா தலையாட்டுகிறாள், இன்னொன்றிலும் தலையாட்டுகிறாள். இரண்டிலும் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

பட்டறைக்காரர் சற்று முன்பும் கூப்பிட்டார். அவருக்கு இடம் அடைக்கிறதாம். அக்கா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், துணி மடித்துக்கொண்டு. எழுந்து போய், கதவருகே நின்று ஆரம்பிக்கிறேன்.

"அக்கா, அந்த வண்டியை..."