ஒன்பதாம் நிமிடம்

தனுசியாவின் கணினியில் போட்ட புதுக் கிராபிக்ஸ் காட் முதல் நாள் ஐம்பது நிமிடம் தாங்கியது. மறுநாள் இருபது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே நிமிடத்தில் திரை முழுக்க ஊதாக் கோடுகள் விழுந்து எல்லாம் கறுத்துப் போனது.

ஒஸ்லோ நிறுவனம் ஒன்று அவளிடம் கேட்டிருந்த, ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டும் கணினி அசைபடத்தை மாலை நாலு மணிக்குள் அனுப்பிவிட்டால், இணுவில் வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. தவறினால் திங்கட்கிழமை வேலை தேடிக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டும். தாய் உதயகலா இந்த வீட்டில் தன்னந்தனியே கிடக்க வேண்டும்.

பத்து மணிக்கு மானிப்பாயிலிருந்து லெனாட் வந்தான். கணினி திருத்துவதில் கைராசிக்காரன்; வாய்தான் சும்மா கிடக்காது.

“பழைய காட்டைப் போட்டால் ஓடுதோ தங்கச்சி?”

“ஓம் அண்ணை. ஆனால் படம் முடிய ரெண்டு நாள் எடுக்கும்.”

“அப்ப மாட்டுவண்டியிலை ஒஸ்லோ போற மாதிரித்தான்!”

வயரை மாற்றினான். கொண்டுவந்த பவர் சப்ளையைப் பூட்டினான். ஒவ்வொரு முறையும் திரை கறுக்கும்வரை தனுசியா கைப்பேசியில் நேரம் பார்த்தாள். எட்டு நிமிடம். ஏழு. கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று அடியெடுத்து நெருங்கி வருவது போலிருந்தது.

கடைசியில் காட்டைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தவனின் சிரிப்பு நின்றுபோனது.

“இதை ஒருக்கால் மணந்து பாருங்கோ.”

சந்தனம். கருகிய சந்தனம்.

தகடுகளின் இடுக்கில் மஞ்சள் கறை காய்ந்திருந்தது. ஓரத்தில் இன்னும் ஈரம். தனுசியாவுக்குப் பொறி தட்டியது. நாளும் அவள் எழும்புவதற்கு முன்பே அம்மா கந்தசுவாமி கோயிலுக்குப் போய், சந்தனமும் மஞ்சளும் கலந்த தீர்த்தத்தைச் செம்பில் கொண்டுவந்து வீடெல்லாம் தெளிப்பாள். வீட்டுக்குப் புதிதாக வந்த பொருளை விடுவாளா? கணினிப் பெட்டியின் மேல்மூடி முழுக்கக் காற்றுத் துளைகள். முதல் நாள் ஒரு சொட்டு விழுந்திருக்கும். காட் நின்றுபோக நின்றுபோக அம்மாவின் பயம் கூடியது. பயம் கூடக் கூடத் தீர்த்தமும் கூடியது.

அவள் சொல்லக் கேட்ட லெனாட் குரலைத் தாழ்த்தினான். “நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். கோயில் தண்ணியிலை பிழை எண்டு நான் வாய் திறந்தால் ஊரிலை வேறை கதை வரும். நீங்களே அம்மாட்டைப் பக்குவமாய்ச் சொல்லுங்கோ.”

ஸ்பிரிட் தொட்டுத் தூரிகையால் துடைத்து, விசிறிக் காற்றில் காயவைத்து, ஒன்றரை மணிக்குத் திரும்பப் பெட்டிக்குள் பூட்டினான். “இனி ஒரு சொட்டுப் பட்டாலும் காட் மட்டும் போகாது. மதர்போட், டிஸ்க், உங்கடை படம், எல்லாம் சேர்ந்து போகும்.”

ஒன்பதாம் நிமிடம் கடந்தது. இருபது கடந்தது. லெனாட்டின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் தேய்ந்தது.

“உந்தப் பெடியன் என்ன சொல்லிப்போட்டுப் போறான்?” தேத்தண்ணியோடு வந்த உதயகலா கேட்டாள். மகளின் வேலைக்காக மூன்று நாளாக விரதம். கண்கள் குழி விழுந்திருந்தன.

அந்த முகத்தைப் பார்த்துத் தனுசியா உண்மையைத் தள்ளிப் போட்டாள். நாலு மணி தாண்டட்டும், பிறகு சொல்லலாம்.

“தூசியாம் அம்மா.”

“தூசியோ?” உதயகலா பெட்டியின் மேல்மூடியைத் தடவிப் பார்த்தாள். “எனக்கெண்டால் ஆரின்டையோ கண் பட்ட கண்ணூறு மாதிரிக் கிடக்கு.”

மூன்று நாற்பதுக்குப் படம் தொண்ணூற்று நாலு வீதம் முடிந்திருந்தது. கைப்பேசி அலறியது. ஒஸ்லோ இலக்கம். அறைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். தனுசியா முற்றத்துக்கு ஓடினாள்.

இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுவதாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே திரும்பியவளின் கண் யன்னலில் நிலைகுத்தியது.

உள்ளே அம்மா. தலை முழுகிய ஈரக் கூந்தல். கையில் செம்பு.

“அம்மா! வேண்டாம்!”

உதயகலா நிமிர்ந்து கனிவாகச் சிரித்தாள். “பயப்பிடாதை பிள்ளை. கடைசி நேரமெண்டு காலமை கோயிலிலை வாங்கின தீர்த்தத்திலை மிச்சம் முழுக்க வைச்சிருந்தனான்.”

இன்றைக்கு அவள் விரலால் தெளிக்கவில்லை. செம்பு கணினிப் பெட்டியின் மேல் சரிந்தது.